போட்டி நாளில் மட்டும் வந்த வயிற்று வலி

உணவு ஆலோசனை சொல்லும் வேலைக்கு வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னைத் தொலைபேசியில் பிடித்தார். "மேடம், பசும்பாலா சோயாப் பாலா, எது நல்லதுன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க. வர்றவங்க எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க" என்றார்.

ஒரே வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியாது. ஒரு கபடி ஆட்டத்தை வேண்டுமானால் சொல்கிறேன். இத்தனை வருஷம் கழித்தும் அதைச் சொல்ல ஆரம்பித்தால் என்னால் நாற்காலியில் உட்கார முடிவதில்லை. என் வீட்டுக்காரர் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார். நீங்களாவது கேளுங்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்கள். தேனியில் ஒரு மருத்துவமனையில் நான் டயட்டீசியன். அந்தச் சொல்லே அப்போது எங்கள் பக்கம் யாருக்கும் பிடிபடாது. ஆஸ்பத்திரி சமையல்காரம்மா என்று நினைத்து "சாம்பார்ல உப்பு கம்மி" என்று புகார் சொன்னவர்களும் உண்டு. டாக்டரம்மா என்று கும்பிட்டு நாடியைப் பிடிக்கச் சொல்லிக் கையை நீட்டியவர்களும் உண்டு. என் அறை மருந்துக் கடைக்குப் பின்னால் இருந்தது. ஒரு மேசை, ஓர் எடைக் கருவி, ஒரு மின்விசிறி. மாடியில் இருக்கும் டாக்டர், வேறு வழி தெரியாதபோது ஆட்களை என்னிடம் அனுப்புவார்.

அப்படித்தான் ஒரு நாள் மூன்று பேர் வந்தார்கள். பதினாறு வயதுப் பெண் முருகேஸ்வரி; கூப்பிடுவது ஈஸ்வரி என்று. அவளுடைய அம்மா போதுமணி, குச்சனூரில் நான்கு மாடு வைத்துப் பால் ஊற்றுபவர். மூன்றாவது ஆள் மெகருன்னிசா டீச்சர். உத்தமபாளையத்துக்காரர், சின்னமனூரில் அந்தப் பெண் படிக்கும் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. டாக்டர் முன்னதாகவே போனில் சொல்லிவிட்டார்: "ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. ரத்தத்துல ஒண்ணும் இல்ல. பூச்சியும் இல்ல. மேட்ச் டென்ஷன்னு நினைக்கிறேன். ஆள் ஒல்லியா இருக்கா, கொஞ்சம் எடை ஏத்தி விடுங்க."

டீச்சர்தான் முதலில் பேசினார். குரலில் அவ்வளவு ஆதங்கம்.

"மேடம், இவள மாதிரிப் பாடிப் போறவ இந்த ஜில்லாவுலயே கிடையாது. பிராக்டீஸ்ல எதிரணி ஏழு பேரையும் ஒத்தையா நின்னு ஆட்டி வச்சிருவா. ஆனா போட்டின்னு வந்துட்டாப் போதும். காலையில கிரவுண்டுக்கு வந்ததும் வகுத்தப் புடிச்சுக்கிட்டுக் குனிஞ்சிருவா. பாத்ரூமுக்கும் கிரவுண்டுக்கும் ஓடிக்கிட்டே இருப்பா. இந்த வருசம் நாலு மேட்ச்ல நாலும் இப்படித்தான். அடுத்த மாசம் ஜில்லா டீம் செலக்‌ஷன் இருக்கு. அங்கனயும் இப்படிக் குனிஞ்சான்னா போச்சு."

முருகேஸ்வரி தலையைத் தூக்கவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குப் பயம் மேடம். டீம்ல எல்லாரும் சொல்றாக. நானும் நெனச்சுப் பாத்தேன். பயந்தான்."

பயந்தவனுக்கு வயிற்றைக் கலக்கும் என்று நம் மொழியிலேயே இருக்கிறது. எந்தப் பிள்ளைக்காவது போட்டி நாளில் மட்டும் வயிற்றைக் கலக்கினால், வேறு காரணம் தேட யாருக்குத் தோன்றும்? ஊர் முடிவு கட்டியது. டீம் முடிவு கட்டியது. பரிசோதனை முடிவுகளைப் பார்த்த டாக்டரும் முடிவு கட்டினார். கடைசியில் அந்தப் பிள்ளையே தன்னைப் பற்றி முடிவு கட்டிவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எடையைப் பற்றிப் பேச வேண்டிய நான் வேறொன்று கேட்டேன். "போட்டி இல்லாத நாள்ல காலையில என்ன சாப்பிடுவ?"

"கடுங்காப்பி. பெறகு இட்லி, இல்லன்னா பழையது."

"வீட்டுல நாலு மாடு நிக்குது. கடுங்காப்பியா?"

போதுமணிக்கு வெட்கமாகப் போய்விட்டது. "கறந்த பாலு பூராவும் விக்கப் போயிரும்மா. கோயிலுக்குப் பக்கத்து டீக்கடைக்காரவுகளுக்குத்தேன் ஊத்துறேன். சனிக்கெழமைன்னா கூட்டத்துக்குப் பத்தவே பத்தாது. புள்ளைக்குன்னு எங்க எடுத்து வைக்கிறது?" சட்டென்று நிமிர்ந்தார். "ஆனா மேச்சு அன்னைக்கு மட்டும் எவன் வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன். மொதக் கறவை எம் மகளுக்குத்தேன். சொம்பு நெறைய, பனங்கல்கண்டு போட்டு, நானே நின்னு குடிக்க வைப்பேன். தெம்பா ஆடணும்ல?"

என் காதில் ஏதோ மணி அடித்தது போல இருந்தது. போட்டி நாளில் மட்டும் வலி. போட்டி நாளில் மட்டும் சொம்புப் பால். அந்த நிமிஷம் நான் மேசையைத் தட்டிவிட்டேன் போலிருக்கிறது, டீச்சர் பயந்து பின்னால் நகர்ந்தார்.

சந்தோஷம் வந்த நிமிஷத்தில்தான் நீங்கள் நிதானிக்க வேண்டும். ஒன்றோடொன்று சேர்ந்து வருகிறது என்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. போட்டி நாளில் பால் மட்டும் இல்லை, பயமும் இருக்கிறதே! இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் நான் வாயைத் திறந்திருந்தால், டாக்டர் "டென்ஷன்" என்றதற்கும் நான் "பால்" என்பதற்கும் என்ன வித்தியாசம்?

அதனால் மெதுவாக விளக்கினேன். பாலில் ஒரு சர்க்கரை இருக்கிறது. அதை உடைக்கும் பொருள் கைக்குழந்தைகளின் குடலில் நன்றாகச் சுரக்கும். வளர வளரப் பலருக்கு அது குறைந்துபோகும். உடையாத சர்க்கரை கீழே இறங்கிப் புளித்து, வாயுவும் தண்ணீருமாக வயிற்றைப் பிசையும். கொஞ்சம் பால் கலந்த டீயை அந்த வயிறு தாங்கிவிடும். சொம்புப் பாலைத் தாங்காது.

போதுமணியின் முகம் இறுகியது. "எம் பாலையா சொல்றீக?"

"உங்க பால்ல ஒரு குறையும் இல்ல போதுமணி. இந்தப் பிள்ள வயித்துக்கு அது ஒத்துக்காம இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன்."

"இருவது வருசமா ஊத்துறேம்மா. ஒரு சொட்டுத் தண்ணி கலந்ததில்ல. இது வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்? பெத்த மகளுக்கே அவ பாலு ஆகலயாம்னு ஒருத்தி வாய்ல விழுந்தாப் போதும். டீக்கடைக்காரவுக நாளைக்கே வேற ஆளப் பாத்துருவாக. இந்த மாடுகள வச்சுத்தேன் இவளப் படிக்க வைக்கிறேன்." கையெடுத்துக் கும்பிட்டார். "யார்ட்டயும் சொல்லிறாதீக."

நானும் டீச்சரும் வாக்குக் கொடுத்தோம். பிறகு நான் கேட்டேன்: "பால் மேல பழி இருக்கா இல்லையான்னு நாமளே பாத்துருவோமா? போட்டியும் இல்லாத, பிராக்டீசும் இல்லாத ஒரு நாள்ல அதே சொம்புப் பாலக் குடிக்கட்டும். வலி வரலன்னா உங்க பால் தப்பிச்சது."

போதுமணி உடனே ஒத்துக்கொண்டார். தன் பாலை நிரபராதி என்று நிரூபிக்க அவருக்கு அவ்வளவு அவசரம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தூக்குச் சட்டியில் பாலோடு தாயும் மகளும் பஸ் ஏறி வந்தார்கள். டாக்டரும் மாடியில் இருந்தார். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். முருகேஸ்வரி மடமடவென்று குடித்தாள். பிறகு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அவளுக்கு அன்று எதற்கும் பயப்பட வேண்டியதில்லை. டீச்சர் மாதிரி விசில் ஊதுவது எப்படி என்று நடித்துக் காட்டினாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். போதுமணி மட்டும் மகளின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒரு மணி நேரம் போயிருக்கும். பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். அவள் வயிற்றுக்குள்ளிருந்து எழுந்த சத்தம் மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். நான் எழுந்து ஓடினேன். நிமிர்ந்து பார்த்தாளே ஒரு பார்வை! நெற்றியில் வியர்வை, கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"மேடம், அதே வலி! அதேதான்! இன்னைக்கு மேச்சே இல்லையே மேடம்! அப்ப நா பயந்தாங்கொள்ளி இல்லையா?"

"இல்ல!" என்று கத்தினேன். மருந்துக் கடைப் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் பாத்ரூமுக்கு ஓடினாள். போதுமணி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஒவ்வொரு மேச்சுக்கும் எங்கையால நானே குடுத்துருக்கேனே" என்றார். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். தெம்பு வரட்டும் என்று கொடுத்தது தப்பாகுமா என்று கேட்டேன்.

அன்றைக்கு நான் சொல்லி அனுப்பிய மாற்று மிகச் சாதாரணமானது. பால் வேண்டாம்; தயிரும் மோரும் கொடுத்துப் பாருங்கள். பால் உறையும்போது அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு குறைந்துவிடும், பலருக்கு ஒத்துக்கொள்ளும். வளர்கிற எலும்புக்குக் கேழ்வரகு, எள்ளுருண்டை, அகத்திக் கீரை, நெத்திலிக் கருவாடு. எதையும் போட்டி நாளில் புதிதாக ஆரம்பிக்கக் கூடாது. தயிர் அவளுக்கு அருமையாக ஒத்துக்கொண்டது. அடுத்து நடந்த நட்புப் போட்டியில் தயிர்ச்சோறு சாப்பிட்டுப் போய் ஆடினாள். ஒரு வலியும் இல்லை. அன்று மாலை டீச்சர் போனில் அலறிய அலறலில் நான் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

வினையும் அந்த உற்சாகத்திலிருந்துதான் வந்தது. மறு வாரம் டீமில் இன்னொரு பெண்ணின் அப்பா என்னைத் தேடி வந்தார். "என்னங்கம்மா, புள்ளைக பாலே குடிக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னதா டீச்சர் சொல்றாக. எம் மக மூணு நாளாப் பாலத் தொட மாட்டேங்குறா" என்றார். நான் அப்படியே பஸ்ஸைப் பிடித்துச் சின்னமனூர் போனேன்.

மெகருன்னிசா டீச்சர் பெருமையோடு ஒரு சாக்குப் பையைக் காட்டினார். தேனி மார்க்கெட்டில் வாங்கிய சோயாக் கொட்டை. "வாக்குக் குடுத்தபடி ஈஸ்வரி பேர நா சொல்லல மேடம். மொத்த டீமுக்கும் பால நிறுத்திட்டேன். இனிமே எல்லாருக்கும் சோயாப் பால்தான். அதுல கொழுப்பு கம்மியாம், புரதம் சாஸ்தியாம்!"

"டீச்சர், ஒருத்திக்கு ஒத்துக்கலன்னா மத்த பதினோரு பேரு என்ன பாவம் பண்ணினாங்க? அவங்கள்ல பாதிப் பேருக்கு ஒரு நாளைக்குக் கிடைக்கிற நல்ல சாப்பாடே அந்த ஒரு டம்ளர் பால்தான்."

"அப்ப சோயா கெட்டதா?"

"கெட்டதில்ல. செடியிலேருந்து எடுக்கிற பால்ல புரதத்துக்கு அதுதான் பசும்பாலுக்குக் கிட்ட வரும். தேங்காப்பால் ருசியா இருக்கும், ஆனா அதுல புரதம் சொற்பம். ஆனா வீட்டுல அரைக்கிற சோயாப் பால்ல பசும்பால் அளவுக்குக் கால்சியம் இருக்காது. அத வேற சாப்பாட்டுல ஈடு கட்டணும். யாருக்கு வேணும், எதுக்கு வேணும்னு தெரியாம எதையும் மாத்தாதீங்க. செலக்‌ஷன் முடியட்டும், ஈஸ்வரிக்கு நானே கூட இருந்து பழக்கி விடுறேன்."

டீச்சர் நல்ல மனுஷி. அங்கேயே பிள்ளைகளைக் கூப்பிட்டு, பால் குடிக்கலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் அதற்கு முன்பே அந்தச் சாக்கிலிருந்து ஒரு கிலோவைப் போதுமணியிடம் கொடுத்துவிட்டிருந்தார். அது எங்கள் இருவருக்குமே அப்போது நினைவில் வரவில்லை.

செலக்‌ஷன் நாள் வந்தது. தேனியில் ஒரு மைதானம். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். மலைப் பக்கமிருந்து காற்று சிலுசிலுவென்று வந்தது. ஒலிபெருக்கி, விசில், ஊர் ஊராக வந்து இறங்கிய கூட்டம். எனக்கே திருவிழா மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு சின்னமனூர்ப் பிள்ளைகளைத் தேடிப் போனால், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் முருகேஸ்வரி குனிந்து நிற்கிறாள். கீழே வாந்தி.

"பாத்தியாடி, திரும்ப ஆரம்பிச்சிட்டா" என்று யாரோ முணுமுணுத்தார்கள். டீச்சர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். அவர் கண்ணில் தண்ணீர். "பால் குடிக்கவே இல்லன்னு சத்தியம் பண்றா மேடம். அப்ப நெசமாவே பயந்தானோ? பேரக் குடுக்கச் சொல்லிக் கேக்குறாக. இவள எடுத்துட்டு வேற புள்ளையப் போடட்டா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்டுபிடித்ததே தப்போ என்று ஒரு கணம் ஆடிப்போனேன். இப்படி ஒரு கணம் உங்களுக்கும் வரும். அப்போது கூட்டத்தைப் பார்க்காதீர்கள். சாப்பிட்ட ஆளைப் பாருங்கள். நான் அவள் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"ஈஸ்வரி, உண்மையச் சொல்லு. பயமா இருக்கா?"

"இருக்கு மேடம்." வாயைத் துடைத்துக்கொண்டாள். "பயம் இங்கன இருக்கு" என்று நெஞ்சைத் தொட்டாள். "இது இங்கன இருக்கு" என்று வயிற்றைத் தொட்டாள். "ரெண்டும் வேற வேற. இப்ப எனக்கு வித்தியாசம் தெரியும்."

நான் அதை அப்படியே நம்பினேன். "காலையில என்ன சாப்பிட்ட?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். போதுமணி கொஞ்சம் தள்ளி, வெறும் தூக்குச் சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"மாட்டுப் பாலு இல்லம்மா" என்றார் தயங்கித் தயங்கி. "டீச்சர் குடுத்த கொட்டையில எடுத்தது. மத்த பிள்ளைகளுக்கெல்லாம் அவுக ஆத்தாமாரு பாலு கொண்டாருவாக. நா மட்டும் வெறுங்கையோட வரணுமா? ஊற வச்சு, அரைச்சு, துணியில வடிகட்டி, மாட்டுப் பாலு கணக்காவே வெள்ளையா வந்துச்சு."

"எப்படிக் காய்ச்சுனீங்க?"

"பாலு காய்ச்சுற மாதிரித்தேன். நொரச்சுப் பொங்கி வந்துச்சு. எறக்கிட்டேன்."

அதுதான்! இருபது வருஷமாகப் பால் காய்ச்சிய கை, பொங்கினால் இறக்கிவிடும். சோயாப் பால் அப்படி இல்லை. அது வேகும் முன்பே நுரைத்துப் பொங்கி ஏமாற்றும். தீயைக் குறைத்து, கிண்டிக்கொண்டே நெடுநேரம் கொதிக்க விட வேண்டும். பாதி வெந்த சோயா யார் வயிற்றையும் புரட்டும். என் வயிறாக இருந்தாலும் புரட்டியிருக்கும்.

"டீச்சர், பேர எடுக்காதீங்க!" என்றேன். "இது பயம் இல்ல. அத மட்டும் நான் உறுதியாச் சொல்றேன். ஆடலாமா கூடாதான்னு டாக்டர் சொல்லட்டும்."

இந்த இடத்தைக் கவனியுங்கள். எனக்கு இருந்த வேகத்தில் "போய் ஆடு" என்று சொல்லியிருப்பேன். அது என் வேலை இல்லை. முதலுதவி மேசையில் இருந்த டாக்டரிடம் அழைத்துப் போனோம். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாடி பார்த்தார். காய்ச்சல் இல்லை. உப்புச் சர்க்கரைத் தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுக்கச் சொன்னார். "வாந்தி நின்னு, நிமிந்து நடந்தா இறங்கட்டும். இல்லன்னா வேணாம்" என்றார். டீச்சர் பெயரைக் கொடுத்துவிட்டு அவளை வெளியில் உட்கார வைத்தார்.

முதல் பாதியில் சின்னமனூர் அடி வாங்கியது. பாடிப் போன பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக மடங்கினார்கள். நான் டம்ளரை நீட்டுவதும் அவள் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன். வெளுத்திருந்த முகத்தில் மெல்ல நிறம் ஏறியது. இடைவேளை விசில் ஊதியபோது தானாகவே எழுந்து நின்றாள். டாக்டரிடம் நடந்து போனாள், நடந்து வந்தாள். கால் சட்டையை இறுக்கிக் கட்டினாள்.

"ஏத்தா, முடியுமா?" என்றார் போதுமணி.

"முடியும்மா" என்று உள்ளே இறங்கினாள்.

அன்று நான் பார்த்ததை எப்படிச் சொல்வது! முதல் பாட்டில் யாரையும் தொடவில்லை. எதிரணியை அளந்துவிட்டு வந்துவிட்டாள். இரண்டாவதில் ஒருத்தியைத் தொட்டாள். மூன்றாவதில் கால் நீட்டி இரண்டு பேர். கூட்டம் எழுந்து நின்றது. அடுத்த தடவை போனபோது மூன்று பேர் சேர்ந்து இடுப்பைப் பிடித்து அமுக்கினார்கள். மண்ணோடு மண்ணாகக் கிடந்தாள். அப்படியே மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு, மூச்சை விடாமல், ஊர்ந்தாள் பாருங்கள். விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டது. நான் கத்தியதில் இரண்டு நாளைக்கு எனக்குக் குரலே வரவில்லை.

ஆட்டத்தில் சின்னமனூர் ஒரு புள்ளியில் தோற்றது. ஆனால் ஜில்லா அணிக்கு எடுத்தவர்களின் பெயரை மைக்கில் வாசித்தபோது, முதல் பெயர் முருகேஸ்வரி. டீச்சர் அவளைத் தூக்கிச் சுற்றினார். குச்சனூரிலிருந்து வந்திருந்த ஆட்கள் போதுமணியைச் சூழ்ந்துகொண்டார்கள். அவரிடம் தினமும் பால் வாங்கும் டீக்கடைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"போதுமணி, எல்லாம் உம் பாலு குடிச்ச தெம்புத்தேன்!"

நான் போதுமணியைப் பார்த்தேன். தலையை ஆட்டிச் சிரித்தால் போதும். அவருடைய பாலுக்கு அதைவிட விளம்பரம் வேறு வேண்டாம். நானும் டீச்சரும் வாயைத் திறக்கப் போவதில்லை.

அவர் மகளைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, தொண்டை கிழிய, சந்தோஷம் தாங்காமல் கத்தினார்:

"இல்லண்ணே! எம் பாலு எம் மகளுக்கு ஆகவே ஆகாது! ஒரு சொட்டுப் பாலு குடிக்காமத்தேன் மூணு பேர இழுத்துட்டு வந்தா!"